கயிறு அவிழ்ந்த லாரியைப் பார்த்தோம், யாரிடம் சொல்வது?

கேள்வி: வணக்கம் ஐயா. பத்து நாளுக்கு முன்பு குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தோம். பொழுது சாய்கிற நேரம். கணவர் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன், பின் சீட்டில் ஒன்பது வயது மகன். எங்களுக்கு முன்னால் இரும்புக் குழாய் ஏற்றிய ஒரு சின்ன லாரி. குழாய்கள் பின்பக்கம் நெடுநீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. சிவப்புத் துணியும் இல்லை, விளக்கும் இல்லை. கட்டியிருந்த கயிற்றில் ஒன்று அவிழ்ந்து ரோட்டில் இழுபட்டுக்கொண்டே வந்தது. மேடு பள்ளம் வரும்போதெல்லாம் குழாய்கள் எம்பி எம்பி விழுந்தன. ஹார்ன் அடித்தோம், லைட் போட்டுக் காட்டினோம், டிரைவர் கவனிக்கவில்லை. "போலீசுக்குச் சொல்லலாமா?" என்று கேட்டேன். "நமக்கு எதுக்கு வம்பு, தாண்டிப் போயிடலாம்" என்றார் கணவர். தாண்டி வந்துவிட்டோம். அதற்கு முன் நான் எடுத்த ஒரு போட்டோவில் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிறது. அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. சொல்லியிருக்க வேண்டுமா? யாரிடம், என்னவென்று சொல்வது? சொன்னால் அந்த டிரைவரின் பிழைப்பு போய்விடாதா? நாங்கள் கோர்ட், கேஸ் என்று அலைய வேண்டி வருமா? இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் பயன் இருக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லியிருக்க வேண்டும். உங்களைக் குறை சொல்வதற்காக இதை முதலில் வைக்கவில்லை. கேள்வியை நேராகக் கேட்டிருக்கிறீர்கள், பதிலும் நேராக இருக்க வேண்டும் அல்லவா? விபத்து நடந்த இடத்துக்குப் போய், என்ன நடந்தது, எதனால் நடந்தது என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது இருபது வருடத்துக்கும் மேலாக என் வேலை. லோடு சரிந்தோ விழுந்தோ நடந்த விபத்துகளில் சாட்சிகளிடம் பேசும்போது ஒரு வாக்கியம் மட்டும் மாறாமல் வரும்: "நானும் பார்த்தேன் சார், அப்பவே நினைச்சேன்."

ஒரு விபத்தை மட்டும் சொல்கிறேன். லாரியில் ஏற்றியிருந்த இரும்புத் தகடுகள் ஒரு வளைவில் வழுக்கி வெளியே பாய்ந்தன. பக்கத்தில் போன வண்டியில் இருந்த ஒருவர் அங்கேயே இறந்துபோனார். விசாரிக்கும்போது மூன்று பேர் தாங்களாகவே வந்து பேசினார்கள். ஒருவர் அந்த லாரியைப் பெட்ரோல் பங்க் அருகே பார்த்திருக்கிறார். தகடுகள் ஒரு பக்கமாக நகர்ந்து, விளிம்பு வெளியே வந்திருந்ததாம். இன்னொருவர் ஒரு பாலத்தின் மேல் பார்த்திருக்கிறார். மூன்றாமவர் விபத்துக்குப் பத்து நிமிடம் முன்பு பார்த்திருக்கிறார். முதலாமவர் பார்த்ததற்கும் தகடு பாய்ந்ததற்கும் நடுவில் நாற்பது நிமிடம் இருந்தது. ஒரு ரோந்து வண்டி வந்து அந்த லாரியை ஓரங்கட்டி நிறுத்த நாற்பது நிமிடம் தாராளமாகப் போதும். மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேரிடமும் போன் இருந்தது. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று மூன்று பேருமே நினைத்திருக்கிறார்கள்.

இது கல்நெஞ்சம் கிடையாது, மனித இயல்புதான். அமெரிக்காவில் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை 1968-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தனித்தனி அறையில் உட்கார்ந்து இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும்போது, மறுமுனையில் ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரல் கேட்கும். அதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து உதவிக்குப் போனார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் போனார்கள். நெடுஞ்சாலையில் நம் முன்னும் பின்னும் எத்தனை வண்டிகள்! எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதே எல்லோரையும் சும்மா இருக்க வைத்துவிடுகிறது. அதனால் அடுத்த முறை இப்படி ஒரு வண்டியைப் பார்த்தால், இதைப் பார்த்தது நான் ஒருத்திதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் மேல் கோபம் வேண்டாம். அவர் செய்ததில் பாதி மிகவும் சரி. குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் குழாய்களுக்குப் பின்னால் போகக் கூடாது என்று முடிவெடுத்தாரே, அதுதான் முதல் வேலை. உங்கள் குடும்பத்துக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. போன் பேசும் வேலைதான் பாக்கி நின்றுவிட்டது.

எவ்வளவு பெரிய ஆபத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தீர்கள் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 25 மீட்டர். முன்னால் போகிற லாரியிலிருந்து ஒரு குழாய் நழுவி ரோட்டில் விழுந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் அதன் மேல் மோதுவது, சுமார் 32 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, அதன் மேல் விழுவதற்குச் சமம். எதிரே வரும் வண்டியின் மேல் பறந்துவந்து பட்டால் இரண்டு வேகமும் சேர்ந்துகொள்ளும். குழாயின் முனை கார் கண்ணாடியை என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன், அதை இங்கே விவரிக்க விரும்பவில்லை. பிரேக் பிடிக்க வேண்டும் என்று புத்திக்குப் பட்டுக் கால் அசைவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகும். காய்ந்த ரோட்டில், நல்ல டயரோடு, அதற்கப்புறம் நிற்க இன்னும் 45 மீட்டராவது வேண்டும். இரண்டையும் கூட்டினால் 70 மீட்டருக்கு மேல். லாரிக்கு 30 மீட்டர் பின்னால் போகிறவருக்கு நிறுத்த வழியே கிடையாது.

லோடு ஏற்றும் இடங்களில் அடிக்கடி கேட்கிற ஒரு பேச்சு உண்டு: "இவ்வளவு கனம் இருக்கு, இது எங்கே நகரப் போகுது?" இந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. ஐந்து டன் இரும்பு ஏற்றிய லாரி திடீரென்று பலமாகப் பிரேக் போட்டால், லோடின் எடையில் 80 சதவீத விசை அதை முன்னால் தள்ளும், திரும்பும்போது பக்கவாட்டில் 50 சதவீத விசை தள்ளும் என்று வைத்துக்கொண்டுதான் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் லோடு கட்டும் விதிகளை எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் ஐந்து டன்னை நான்கு டன் விசை முன்னால் தள்ளுகிறது. இரும்பின் மேல் இரும்புக்கு இருக்கும் உராய்வுப் பிடிப்பு எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு டன். மிச்ச மூன்று டன்னைக் கட்டும் பெல்ட்டும் செயினும்தான் தாங்க வேண்டும். கனம் கூடக் கூடத் தள்ளும் விசையும் அதே கணக்கில் கூடும் என்பதால், கனம் என்பது ஒரு பாதுகாப்பே கிடையாது. கட்டு இல்லாத இரும்பு முன்னால் பாய்ந்தால் முதலில் போய் இடிப்பது டிரைவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கேபின் சுவரைத்தான். இதை நினைவில் வையுங்கள், டிரைவரின் பிழைப்பைப் பற்றிப் பேசும்போது மறுபடி இங்கே வர வேண்டியிருக்கும்.

லேசான லோடு வேறு விதமாக ஏமாற்றும். காரின் மேல் மெத்தையைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக ஒரு கையால் பிடித்துக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள மெத்தை காற்றில் நிமிர்ந்துவிட்டால், 90 கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோவுக்கும் மேலான பலத்தோடு காற்று அதைத் தள்ளும். மெத்தையின் எடையோ முப்பது கிலோகூட இருக்காது. கையால் பிடித்து நிறுத்துகிற காரியமா அது? 2004-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு டிரெய்லரில் சரியாகக் கட்டாமல் ஏற்றிப்போன வீட்டுச் சாமானிலிருந்து ஒரு பலகை பறந்தது. பின்னால் வந்த காரின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, ஓட்டிவந்த இளம்பெண்ணின் முகத்தைச் சிதைத்துப் பார்வையைப் பறித்துவிட்டது. அந்தப் பெண்ணின் தாய் விடாமல் போராடினார். லோடைக் கட்டாமல் போய் அதனால் ஒருவருக்குப் பலத்த காயம் ஏற்பட்டால் அது கிரிமினல் குற்றம் என்று அந்த மாநிலம் மறு வருடமே சட்டம் கொண்டுவந்தது. வீடு மாற்றுகிற குடும்பத்தின் லோடுதானே என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, சாலையில் அப்படி ஒரு வண்டியைப் பார்த்த அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

முதலில் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு நொடி இடைவெளி வேண்டும் என்பார்கள். இப்படிப்பட்ட வண்டிக்குப் பின்னால் நான்கு நொடிக்குக் குறையக் கூடாது, மழையாக இருந்தால் இன்னும் கூடுதல். இடைவெளி விட்டதும் நடுவில் யாராவது புகுவார்கள். புகட்டும், மறுபடி காலை எடுங்கள். பக்கத்திலேயே ஒட்டிப்போவது எல்லாவற்றிலும் மோசம். வளைவில் லோடு வெளிப்பக்கமாகச் சாயும், அந்த நேரத்தில் நீங்கள் அந்தப் பக்கம் இருந்தால் உங்கள் மேல்தான். தாண்டியே ஆக வேண்டும் என்றால் நேரான சாலை வரும்வரை பொறுத்திருந்து, பார்வை தெளிவாக இருக்கும்போது சட்டென்று தாண்டி முன்னால் போய்விட வேண்டும். இணையாக ஓடிக்கொண்டே டிரைவருக்குச் சைகை காட்டுவது, போட்டோ எடுப்பது எதுவும் வேண்டாம்.

நீங்கள் ஹார்ன் அடித்ததும் லைட் காட்டியதும் நல்ல எண்ணத்தில்தான். ஆனால் ஓடுகிற வண்டியின் டிரைவருக்கு அது "வழி விடு" என்றுதான் கேட்கும். இல்லாவிட்டால் சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்து வேகத்தைக் கூட்டுவார், பதறிப்போய்ப் பிரேக்கும் போடுவார். இரண்டுமே அவிழ்ந்த லோடுக்கு ஆகாது. குறுக்கே காரை நிறுத்தி மடக்குவதும் துரத்திப் போவதும் கூடவே கூடாது. உங்கள் வழியில் போகும்வரை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு போகலாம். அந்த வண்டி கிளைச் சாலையில் திரும்பினால் எந்தத் திருப்பம் என்று குறித்துக்கொண்டு உங்கள் வழியில் போங்கள்.

இன்னொன்று, இது உயிர் காக்கிற விஷயம். கண்ணெதிரே ஏதாவது விழுந்துவிட்டால் ஸ்டீயரிங்கை வெட்டி ஒடிக்கத்தான் கை போகும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ-வின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை அந்த நாட்டு விபத்துகளை ஆராய்ந்து 2016-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2014 வரை நான்கு வருடத்தில் சாலையில் விழுந்து கிடந்த பொருட்களால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விபத்துகள், 500-க்கும் மேற்பட்ட மரணங்கள். இந்த விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம், சரியாகக் கட்டாத லோடும் பராமரிக்காத வண்டியிலிருந்து கழன்று விழுந்த பாகங்களும். மரணங்களில் சுமார் 37 சதவீதம், கிடந்த பொருளைத் தவிர்க்க வண்டியை ஒடித்துத் திருப்பியதால் நடந்தவை. பக்கத்தில் வண்டி இல்லை என்று உறுதியாகத் தெரியாதபோது, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி முடிந்தவரை வேகத்தைக் குறைப்பதுதான் பெரும்பாலும் உயிர் தப்பும் வழி. அதற்குத்தான் அந்த நான்கு நொடி. விழுந்த பொருளை ஓடிப்போய் எடுத்து ஓரம் போடவும் முயல வேண்டாம். நல்ல மனசோடு இறங்கி அடிபட்டவர்களின் கோப்புகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. தாண்டிப் போய்ப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு, போன் செய்யுங்கள்.

யாரிடம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். லோடு இப்போதே விழும்போல் இருக்கிறது, கயிறு அறுந்துவிட்டது, பொருள் விழ ஆரம்பித்துவிட்டது என்றால் போலீசின் அவசர எண்ணுக்கே போன் செய்யுங்கள், தயக்கமே வேண்டாம். நெடுஞ்சாலைக்கென்று தனி உதவி எண் பல இடங்களில் உண்டு, சாலையோரப் பலகையிலேயே எழுதியிருக்கும். வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அதைப் போனில் பதிந்து வைத்துக்கொண்டால் அந்தப் பதற்றத்தில் தேட வேண்டாம். அடுத்தது சுங்கச்சாவடி ஊழியர்: அங்கே பெரும்பாலும் எல்லா வண்டியும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும், அவர்கள் கையில் வயர்லெஸ்ஸோ போனோ இருக்கும். தினமும் ஒரே நிறுவனத்தின் வண்டி தார்ப்பாய் மூடாமல் ஜல்லி கொட்டிக்கொண்டே போகிறது என்பது போன்ற தொடர் புகாராக இருந்தால், அவசர எண் வேண்டாம், போக்குவரத்துத் துறைக்கு எழுத்தில் கொடுங்கள்.

போன் பேசுவது ஓட்டாதவரின் வேலை. தனியாக ஓட்டிப் போகிறீர்கள் என்றால் நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். நம்பர் பிளேட்டை வாய்விட்டு இரண்டு மூன்று முறை சொல்லிக்கொண்டே போங்கள், கண்ணால் பார்த்தது மறந்தாலும் வாயால் சொன்னது நிற்கும். முழுதாகப் பிடிபடவில்லையா, கடைசி நான்கு எண்ணும் கேபின் நிறமும் போதும். கதவிலோ பின்பக்கத்திலோ எழுதியிருக்கும் நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேசும்போது இடத்தை முதலில் சொல்லுங்கள். நடுவில் லைன் போய்விட்டாலும் எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் விஷயத்தில் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "இந்த நெடுஞ்சாலையில், இத்தனையாவது கிலோமீட்டர் கல் தாண்டி, வடக்கே போகிற ஒரு சின்ன லாரி. நீலக் கேபின். நம்பர் இது. இரும்புக் குழாய் ஏற்றியிருக்கு. ஒரு கயிறு அவிழ்ந்து ரோட்டில் இழுபடுது. குழாய் பின்னால் ரொம்ப தூரம் நீட்டிக்கொண்டிருக்கு, சிவப்புத் துணியோ லைட்டோ இல்லை. மேட்டில் ஏறும்போது குழாய் எம்புது. மணி ஆறு இருபது." இருபது நொடியில் முடிந்துவிடும். திசை என்ன என்று தெரியாவிட்டால் எந்த ஊரை நோக்கிப் போகிறது என்று சொல்லலாம். கல் கண்ணில் படாவிட்டால் கடைசியாகத் தாண்டிய பாலமோ திருப்பமோ போதும்.

இதில் கண்ணால் கண்டது மட்டும்தான் இருக்கிறது, கவனித்தீர்களா? "குடித்திருப்பான் போல", "தூங்கிக்கொண்டே ஓட்டுகிறான்" என்று ஒன்றும் இல்லை. வண்டி கோட்டைத் தாண்டித் தாண்டி ஆடிப்போனது என்றால் ஆடியதைச் சொல்லுங்கள், ஏன் ஆடியது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேகமும் அப்படித்தான். "பயங்கர வேகம்" என்று சொல்வதைவிட "நாங்கள் 80-ல் போனோம், எங்களைத் தாண்டிப் போனது" என்று சொன்னால் அதில் ஒரு அளவு கிடைக்கிறது.

அவிழ்ந்த கயிறு மட்டும்தான் அடையாளம் என்று நினைக்க வேண்டாம். தார்ப்பாய் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தால், அதைக் கட்டிய கொக்கியில் ஒன்று எங்கோ கழன்றிருக்கிறது. பெட்டிகளின் அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியே அந்தப் பக்கம் தாழ்ந்திருந்தால் லோடு நகர்ந்துவிட்டது. பின்கதவின் இரண்டு தாழ்ப்பாளில் ஒன்று தொங்கினால் மற்றது எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு முறை விபத்துக்குப் பின் நான் கையில் எடுத்துப் பார்த்த பெல்ட் கிட்டத்தட்டப் புதியது. சாயம்கூடப் போகவில்லை. ஆனால் தகட்டின் கூர்மையான விளிம்பு படும் இடத்தில், ரப்பரோ மரக்கட்டையோ வைக்காமல் நேரடியாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். வண்டி குலுங்கக் குலுங்க அந்த விளிம்பு அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு ஓரத்தில் நூல்கள் பஞ்சு மாதிரி நுரைத்துக் கிடந்தன. பாதிக்கு மேல் நிதானமாகத் தேய்ந்திருந்தது, கடைசிக் கொஞ்சம் மட்டும்தான் படாரென்று பிய்ந்திருந்தது. பின்னால் வந்த யாருக்காவது அந்த நுரை கண்ணில் பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

நீட்டிக்கொண்டிருக்கும் லோடு பற்றி ஒரு வார்த்தை. பல நாடுகள் கையெழுத்திட்டிருக்கும் 1968-ஆம் வருட வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே இது இருக்கிறது. லோடு ரோட்டில் விழாமலும் இழுபடாமலும் இருக்கும்படி ஏற்ற வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு மீட்டருக்கு மேல் நீட்டினால் கட்டாயம் அடையாளம் வைக்க வேண்டும். இரவில் பின்பக்கம் சிவப்பு விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும். காரணம் எளியது. மங்கிய வெளிச்சத்தில் பின்னால் வருகிறவருக்கு லாரியின் பின்விளக்குதான் தெரியும், லாரி அங்கேதான் முடிகிறது என்று நினைப்பார். குழாயின் முனை அதற்கு வெகு முன்பே அவருடைய கண்ணாடிக்கு நேராக இருக்கும். நீங்கள் பார்த்தது சட்ட மீறல்தானா என்ற சந்தேகம் வேண்டாம்.

இப்போது அந்த டிரைவர். "சொன்னால் அவர் பிழைப்பு போய்விடாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்காகவே உங்கள் கடிதத்தை எடுத்துப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு ஏழையின் வயிற்றில் அடித்த பாவம் நமக்கு வேண்டாம் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் வாய் திறப்பதில்லை. ஆனால் கேபினுக்குப் பின்னால் கட்டில்லாத இரும்பை வைத்துக்கொண்டு ஓட்டுவது யார்? ஒரு நாய் குறுக்கே வந்து அவர் பிரேக்கை மிதித்தால் அந்தக் குழாய்கள் முதலில் வருவது அவர் முதுகுக்குத்தான். நீங்கள் சொல்லி, போலீஸ் நிறுத்தி, மறுபடி கட்டச் சொன்னால் அவருக்கு ஒரு அபராதமும் அரை மணி நேரமும் போகும். சொல்லாமல் விட்டு யாராவது செத்தால் அவர் ஜெயிலுக்குப் போவார், அந்த உயிரைச் சுமந்துகொண்டே மிச்சக் காலத்தைக் கழிப்பார். அப்படிக் கழிக்கிற டிரைவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார், "வழியில ஒருத்தராச்சும் சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

பல சமயம் அவருக்குத் தெரிந்தே இருக்காது. ஏற்றிய இடத்தில் கட்டு இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். கொஞ்ச தூரம் குலுங்கிப் போனதும் லோடு தானாக அமர்ந்து, இடைவெளி விழுந்து, கயிறு தொய்ந்துவிடும். அமெரிக்காவில் சரக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் கிளம்பிய முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒரு முறை நிறுத்திக் கட்டைப் பார்க்க வேண்டும், அதன் பிறகும் மூன்று மணி நேரத்துக்கோ 240 கிலோமீட்டருக்கோ ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அப்போது, பார்க்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் தெரியாத பின்பக்கத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். அதே வண்டி பெட்ரோல் பங்கிலோ சாப்பிடும் இடத்திலோ நிற்பதைப் பார்த்தால், சூழ்நிலை அமைதியாக இருந்தால், உங்கள் கணவர் போய்த் தன்மையாகச் சொல்லலாம்: "அண்ணே, பின்னாடி ஒரு கயிறு அவிழ்ந்து கிடக்கு, பார்த்துக்கோங்க." குற்றம் சாட்டுகிற குரல் இல்லாமல் சொன்னால், நான் பார்த்தவரை பெரும்பாலான டிரைவர்கள் நன்றி சொல்லிவிட்டு உடனே இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள். முறைக்கிற ஆளாக இருந்தால் விவாதம் வேண்டாம், வந்து போன் செய்யுங்கள்.

அதோடு தப்பு டிரைவரோடு நிற்பதும் இல்லை. ஏற்றியது வேறு ஆட்கள். சீக்கிரம் கிளம்பு என்று விரட்டியது இன்னொருவர். நாலு பெல்ட் வாங்கித் தராதது முதலாளி. ஆஸ்திரேலியாவின் கனரக வாகனச் சட்டத்தில் இதற்காகவே ஒரு பொறுப்புச் சங்கிலி வைத்திருக்கிறார்கள். சரக்கை அனுப்பியவர், கட்டியவர், ஏற்றியவர், வண்டியை இயக்கும் நிறுவனம் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. புகாரில் நிறுவனத்தின் பெயரையும் சேர்க்கச் சொன்னது இதனால்தான். வெறும் நம்பர் மட்டும் போனால் விசாரணை டிரைவரோடு முடிந்துவிடும். பெயரும் போனால், மூன்றாவது நான்காவது புகாரில் ஏற்றுகிற இடத்துக்கே ஆள் போவார்கள்.

கோர்ட், கேஸ் பற்றி. ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைப் பற்றிச் சொல்லும்போது, நீங்கள் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. நீங்கள் சொல்வது ஒரு தகவல்தான். போலீஸ் நிறுத்தி அவிழ்ந்த கயிற்றைத் தங்கள் கண்ணால் பார்க்கிறார்கள், வழக்கு அதன் மேல் நிற்கும். பெயரை வெளியில் விட வேண்டாம் என்று போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். விபத்தே நடந்து நீங்கள் நேரில் பார்த்திருந்தால்தான் சாட்சியாக அழைக்கப்படுகிற வாய்ப்பு அதிகம். அப்படி ஒரு நிலை வந்தால் அன்றைக்கே, நீங்கள் தனியாகவும் கணவர் தனியாகவும், பார்த்ததை எழுதி வையுங்கள். இரண்டு பேரும் பேசிப் பேசி ஒரே கதையாக்கிக்கொண்டால் எது யார் கண்ணால் கண்டது என்பது உங்களுக்கே மறந்துபோகும். காரின் முன்பக்கம் மாட்டியிருக்கும் டேஷ்கேம் கேமராவில் பதிவாகியிருந்தால் வெட்டாமல், எழுத்து எதுவும் ஏற்றாமல், அசல் ஃபைலை அப்படியே வைத்திருங்கள். பல கேமராக்கள் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே பதிவு செய்யும், அதனால் அன்று இரவே எடுத்து வைத்துவிடுங்கள்.

அதை முதலில் சோஷியல் மீடியாவில் போடுகிற பழக்கம் இப்போது பெருகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். வண்டி கைமாறியிருக்கலாம், அன்று ஓட்டியது வேறு ஆளாக இருக்கலாம். ஊரே திட்டித் தீர்த்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது. அங்கே ஆயிரம் பேர் பகிர்ந்தாலும் அந்தக் கயிற்றை இறுக்கிக் கட்டச் சொல்லும் அதிகாரம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை.

கடைசியாக, உங்கள் போனில் இருக்கும் அந்தப் போட்டோ. பத்து நாள் ஆனாலும் அது வீண் இல்லை. அந்தக் குழாய்கள் இந்நேரம் எங்கோ இறங்கியிருக்கும், அந்தப் பயணத்தை இனி யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் அதே வண்டி நாளைக்கும் அதே இடத்தில் அதே கயிற்றோடு லோடு ஏற்றும். போட்டோவின் விவரத்தில் தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த விவரம் போய்விடும் என்பதால் அசல் போட்டோவை மின்னஞ்சலில் இணைத்து, போக்குவரத்துத் துறைக்கும் போக்குவரத்துப் போலீசுக்கும் அனுப்புங்கள். எந்தச் சாலை, எந்தத் திசை, என்ன பார்த்தீர்கள் என்று ஐந்தாறு வரி போதும். லாரியில் நிறுவனத்தின் பெயரோ போன் நம்பரோ தெரிகிறதா என்று போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரிந்தால் அதையும் அந்த வரிகளில் சேர்த்துவிடுங்கள். கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இன்று இரவே எழுதி அனுப்பிவிடுங்கள்.